மாஸ்ரர் சொன்னதும் நான் சொல்லாததும்

டிலானி தாளை நீட்டியபோது நான் பலெர்மோவின் பல்லரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் பை, மற்றக் கையில் கத்தரிக்காய். அவள் பேனையை என் விரலிடுக்கில் செருகினாள்.

"அக்கா, ஒரு கையெழுத்து. ரோமிலை புதுச் சட்டம் ஒண்டு கொண்டுவரப் பாக்கினம். வீட்டிலை வைச்சுப் பிள்ளையளைப் படிப்பிக்கிற ஆக்களை இனி வருசா வருசம் கூப்பிட்டு விசாரிப்பினமாம். நாங்கள் விடமாட்டம்."

"ஆர் விசாரிக்கிறது?"

"ஒரு குழு. தாய் தேப்பனைக் கதிரையிலை இருத்திக் கேள்வி கேப்பினம். அவையள் சொல்லுற பதிலை எழுதி வைச்சு, அதைப் பாத்துத்தான் அனுமதியாம். எங்கடை ஆக்களுக்கு எண்டால் மொழிபெயர்க்க ஒரு ஆளும் பக்கத்திலை இருக்கும்."

கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன், பிறகு பார்ப்போம் என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. டிலானி அதைப் பார்த்தாள். பேனையைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள். அவளுக்குப் பின்னால் மேசை போட்டு நின்ற இத்தாலியத் தாய்மார் ஒலிபெருக்கி இல்லாமலே தொண்டை கிழியக் கத்திக் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓய்வு பெற்றவள் என்று பெயர்தான். உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தேன். ஒரு நாள் பஸ் ஏறி ஸ்ஃபெர்ராகவால்லோ வரைக்கும் போய், கடற்கரைக்கு இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். சாரதி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும்.

டிலானி இப்போது செய்யும் வேலை ஒரு காலத்தில் நான் செய்தது. அவளுக்கு நான்தான் பழக்கிவிட்டேன். இத்தாலியனில் மீடியாத்திரிச்சே என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் தாய் தகப்பனுக்கும் நடுவில் இருந்து இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்கிறவள். டிலானியின் மூத்த பிள்ளைக்கு வகுப்பறை இரைச்சல் ஒத்துக்கொள்ளாததால், இரண்டு பிள்ளைகளையும் அவள் வீட்டில் வைத்தே படிப்பிக்கிறாள். இந்த நாட்டில் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, முடிவில் பிள்ளையைச் சோதனைக்கு அனுப்பினால் போதும்.

அடுத்த கிழமை அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "சரி, கையெழுத்து வேண்டாம். அந்த மாதிரி விசாரணை எப்பிடி நடக்கும், எங்கடை ஆக்கள் எங்கை பிழை விடுவினம் எண்டு எழுதித் தாங்கோ. நீங்கள் எத்தினை பாத்திருப்பியள்!"

அவள் கேட்டது ஒரு வழிகாட்டி. எழுத இருந்தபோது வந்தது இது.

நான் மன்னார்க்காரி. பலெர்மோவுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் துடைத்தேன், கழுவினேன், இஸ்திரி போட்டேன். என் இத்தாலியன் பாதி அந்த அம்மாவின் ஏச்சில் படித்தது. பிறகு ஒரு கூட்டுறவு நிறுவனம் நடத்திய ஆறு மாதப் படிப்பு, ஒரு சான்றிதழ், நாற்பது வயதுக்கு மேல் புது வேலை. அதைப்பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. வேலையைப் படிப்பித்தது அந்தப் படிப்பு அல்ல, எங்கள் பொறுப்பாளர் தொத்தோரெஸ்ஸாதான்.

பட்டம் பெற்ற பெண்ணை இங்கே தொத்தோரெஸ்ஸா என்றுதான் கூப்பிடுவார்கள். மெலிந்த மனுசி, குரல் உயர்த்தியதே இல்லை. பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார். நாங்கள் பிழையை நாங்களே கண்டுபிடித்துச் சொல்லும்வரை அந்தக் கண்ணாடி மூக்குக்குத் திரும்பாது. அதைவிட ஏசினால் நல்லது என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

விசாரணை அறைக்குள் போனால் முதல் வேலை கதிரை. எங்கள் கதிரை அதிகாரியின் பக்கத்திலும் இருக்கக்கூடாது, குடும்பத்தின் பக்கத்திலும் இருக்கக்கூடாது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு தூரத்தில், ஒரு அடி பின்னுக்கு. "அவர் சொல்கிறார்" என்று தொடங்கக்கூடாது. தகப்பன் பேசினால் நான் தகப்பன், அதிகாரி பேசினால் நான் அதிகாரி. எல்லாம் "நான்" என்றே வரவேண்டும். சொன்னது எல்லாம் வரவேண்டும். ஏச்சு என்றாலும் ஏச்சாகவே வரவேண்டும். ஒருமுறை ஒரு தகப்பன் உடற்பயிற்சி வாத்தியாரை மாடு என்று ஏசினார். நான் அந்த வாத்தியாரின் முகத்துக்கு நேரே, "ஐயா, நீங்கள் ஒரு மாடு" என்று இத்தாலியனில் மரியாதையாகச் சொன்னேன். வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். ஏசினவர் தான் ஏசியது எடுபடவில்லையே என்று என்னை முறைத்தார்.

தொடக்கத்தில் நான் அப்படி இல்லை. ஒரு ஆசிரியை, பிள்ளையின் உடுப்பு எண்ணெய் மணக்கிறது, மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க மறுக்கிறார்கள் என்று சொன்னார். அதை ஒரு தாயின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "நல்ல உடுப்பாப் போட்டு அனுப்பட்டாம்" என்றேன். தொத்தோரெஸ்ஸாவின் கண்ணாடி கீழே இறங்கியது. அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் நீளத்தை அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

"அவர் சொன்னது நீளம். நீ சொன்னது கட்டை. மிச்சம் எங்கே?"

அந்த அறையிலேயே மிச்சத்தையும் சொல்ல வைத்தார். தாய் அழுதாள். அழுதுவிட்டு, எங்களுக்கு இருப்பது ஒரே அறை, சமைக்கிற இடத்தில்தான் பிள்ளையின் உடுப்பும் தொங்குகிறது என்றாள். ஆசிரியையின் முகம் சிவந்துபோனது. அடுத்த நாளே பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன அலுமாரி கிடைத்தது. நான் மூடி மறைத்திருந்தால் அது கிடைத்திருக்காது. அன்றைக்கு நான் தொத்தோரெஸ்ஸாவின் ஆளாக மாறினேன். கூட்டுறதும் இல்லை, குறைக்கிறதும் இல்லை என்று கேட்கிறவன் கேட்காதவன் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

வீட்டுப் படிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. நகரத்தில் பிரான்காச்சோ என்ற பகுதியில் ஒரு தொடர்மாடி வீடு. பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறோம் என்று எங்கள் ஆட்கள்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு சமூக சேவையாளருடன் பஸ் பிடித்துப் போனேன். கதவைத் திறந்தது அந்தப் பிள்ளைதான். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, காலடியில் இன்னும் இரண்டு. உறவுக்காரருடைய குழந்தைகள் எல்லாம் காலையில் இங்கே, தாய்மார் எல்லாம் வேலைக்கு. "வீட்டிலை நல்லாப் படிக்கிறாள்" என்று தாய் சொன்னா. சொன்னபடி மாற்றிச் சொன்னேன். கொப்பியைக் காட்டச் சொன்னார்கள். அந்த வீட்டில் ஒரு கொப்பி இல்லை.

அந்தப் பிள்ளை அந்த மாதமே பள்ளிக்கூடம் போனாள். விசாரிக்கப் போனபடியால்தான் போனாள். ஆகவே, யாரும் எங்களைக் கேள்வி கேட்கக்கூடாது என்று சந்தையில் நின்று கத்துகிறவர்களோடு சேர்ந்து கத்த எனக்கு இன்றைக்கும் வாய் வராது. டிலானிக்கு இது கோபம் தரும். தரட்டும்.

ஆனால் இப்போது மாஸ்ரரின் கதையைச் சொல்லவேண்டும்.

அவர் யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இங்கே ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையின் சமையலறையில் மீன் துப்புரவாக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லரோவுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டில் எங்கள் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். சைவம், கிறிஸ்தவம் என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளையும் போகும். அவருடைய உண்மைப் பெயர் பாதிப்பேருக்குத் தெரியாது. மாஸ்ரர், அவ்வளவுதான்.

அவருக்கும் சுகந்திக்கும் ஒரே பிள்ளை, துவாரகா. பிள்ளைக்குத் திக்குவாய். இரண்டாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அவளைப்போலவே திக்கித் திக்கிப் பேசிக் காட்டியதில், பள்ளிக்கூடத்தில் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். தாயும் தகப்பனும் சட்டப்படி எழுதிக் கொடுத்து அவளை வீட்டில் வைத்துப் படிப்பித்தார்கள். ஒன்பது வயதில் சோதனைக்குப் போனாள். எழுத்துச் சோதனையில் எல்லாம் சரி. வாய்மொழிச் சோதனையில் ஒரு சொல் பேசவில்லை. எழுதியது பிள்ளையின் சொந்த அறிவா, பாடமாக்கிக் கொடுத்ததா என்று அங்கே சந்தேகம் வந்தது. தாய் தகப்பனை விசாரிக்கக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுதமாட்டேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அது அப்படித்தான் நடந்திருக்கும்.

நடையில் வைத்துச் சுகந்தி என் கையைப் பிடித்தா. "அக்கா, நீங்கள் எங்கடை ஆள்தானே. நாங்கள் ஏதும் பிழையாச் சொன்னால் கொஞ்சம் திருத்திச் சொல்லுங்கோ."

"நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன் தங்கச்சி. நீங்கள் சொல்லுறதை ஒழுங்காச் சொல்லுங்கோ" என்றேன். சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இப்போது அதை நினைத்தால் எனக்கு என்னையே அறையவேண்டும் போல வருகிறது.

அறையில் அதிபர் அம்மா, ஒரு ஆசிரியை, எழுதுவதற்கு ஒருவர். சுவரோரமாகத் தொத்தோரெஸ்ஸா. மாஸ்ரர் வெள்ளைச் சேர்ட் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பிள்ளை மேசையின் ஓரத்தில் ஒரு கதிரையில். நான் என் கதிரையை ஒரு அடி பின்னுக்கு இழுத்துப் போட்டேன்.

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

"மீன் கழுவுற வேலை."

முன்னம் வாத்தியார் என்று அவர் சொல்லவில்லை. மீன் செதிலோடு நிற்கிற மனிசன், நான் ஒரு காலத்தில் வாத்தியார் என்று நாலு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வார்? கேட்டவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்திருப்பார்.

"பிள்ளைக்குக் கற்பிக்கும் தகுதி உங்களுக்கு இருக்கிறதா?"

மாஸ்ரர் தலையைக் குனிந்து சிரித்தார். "தகுதி எண்டு சொல்ல என்ன இருக்கு? ஏதோ எங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் குடுக்கிறம்."

"பிள்ளை எப்படிப் படிக்கிறாள்?"

"பெரிசா ஒண்டும் இல்லை. சுமார்தான்."

சுகந்தியும் சேர்ந்துகொண்டா. "வீட்டிலை சரியான குழப்படி. சொல்வழி கேக்காது."

வேறு என்ன சொல்வார்கள்? எங்கள் ஆட்களிடம் போய் உனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், ஓம், நான் பெரிய கெட்டிக்காரன் என்று எந்த மானமுள்ள மனிசன் சொல்வான்? என் பிள்ளை நல்ல கெட்டிக்காரி என்று தாய் தன் வாயாலே சபையில் சொன்னால் கண்ணூறு படாதா? பிள்ளையைக் குறைத்துச் சொல்லித்தான் எங்கள் தாய்மார் பிள்ளையைக் காப்பாற்றுவார்கள். அந்தப் பிள்ளை அப்போதே அட்சரகணிதம் செய்துகொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். ஞாயிறு வகுப்புக்குப் போன பெரிய பிள்ளைகளே வந்து சொல்லியிருக்கிறார்கள்.

"ஏன் பள்ளியிலிருந்து எடுத்தீர்கள்?"

"அவவுக்குக் கொஞ்சம் கூச்சம்" என்றார் மாஸ்ரர். திக்குவாய் என்று சொல்லவில்லை. அந்தச் சொல் ஒருமுறை தாளில் ஏறினால் நாளைக்குக் கலியாணப் பேச்சு வரைக்கும் துரத்தி வரும் என்ற பயம்.

ஒவ்வொன்றையும் நான் சொன்னபடியே சொன்னேன். "எனக்குத் தகுதி என்று ஒன்றும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை சராசரிதான். வீட்டில் சொல் கேட்கமாட்டாள். கூச்சம் உள்ளவள்." நல்ல இத்தாலியன், ஒரு பிழை இல்லை. அதிபர் அம்மா ஆசிரியையைப் பார்த்தா, எழுதுகிறவர் எழுதினார்.

முடிவில் எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். அது முறை. நான் அதைத் திருப்பித் தமிழில் சொன்னேன். தமிழுக்கு வந்தவுடன் அது மறுபடியும் பணிவான பேச்சாகவே கேட்டது. மாஸ்ரருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. "ஓம், சரி" என்று சொல்லி, வாத்தியார்மாருக்கு உரிய அந்த அழகான எழுத்தில் கையெழுத்து வைத்தார்.

வெளியே வந்ததும் தொத்தோரெஸ்ஸா என் தோளைத் தட்டினார். "இன்று நீ செய்தது குறையே இல்லாத வேலை" என்றார். அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் எனக்குச் சந்தோசம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டு கிழமையில் நகரசபையான கொமூனேயிலிருந்து மாஸ்ரருக்குக் கடிதம் வந்தது. பெற்றோருக்குக் கற்பிக்கும் ஆற்றல் இல்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே பிள்ளையை உடனே பள்ளியில் சேர்க்கவேண்டும். சேர்த்தார்கள். துவாரகா போனாள், இருந்தாள், வந்தாள். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அங்கே அவள் குரலை யாரும் கேட்கவில்லை என்று சுகந்தி சொல்லி அழுதா. பிறகு வீட்டிலும் பேச்சுக் குறைந்துவிட்டதாம்.

மாஸ்ரர் ஞாயிறு வகுப்பை நிறுத்தினார். பிள்ளைகள் கொப்பியோடு போய்க் கதவு தட்டியபோது, "எனக்கு ஏலாது எண்டு பள்ளிக்கூடமே எழுதித் தந்திட்டுது, இனி நான் படிப்பிச்சால் சரியில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். என்னைச் சந்தையில் கண்டால் மட்டும் எப்போதும்போல நின்று, "சுகமோ அக்கா?" என்று கேட்பார். ஒரு நாளாவது ஏசியிருந்தால் நான் நிம்மதியாகக் கத்தரிக்காய் வாங்கியிருப்பேன்.

விதி, விதி என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வேலை மாற்றிச் சொல்வது, திருத்துவது அல்ல. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பச்சைப் பொய்.

தொத்தோரெஸ்ஸாவின் விதியில் ஒரு விலக்கு இருந்தது. டிலானிக்கு அது தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நாங்கள் கையை உயர்த்தலாம். கையை உயர்த்தி, "இப்போது நான் என் பேரில் பேசுகிறேன், இவர்களுடைய வழக்கம் ஒன்றை விளக்க அனுமதி வேண்டும்" என்று கேட்கலாம். ஒரு பெரியபிள்ளையான சிறுமி ஏன் பள்ளிக்கு இரண்டு கிழமை வரவில்லை என்பதற்கு நான் கை உயர்த்தியிருக்கிறேன். ஒரு பையன் ஆசிரியரின் கண்ணைப் பார்த்து ஏன் பேசுவதில்லை என்பதற்கு உயர்த்தியிருக்கிறேன். அன்றைக்கும் உயர்த்தியிருக்கலாம். எங்கள் ஆட்கள் தங்களைத் தாங்களே புகழமாட்டார்கள், இந்த மனிதர் ஒரு வாத்தியார் என்று இரண்டு வரி. அரை நிமிடம் போயிருக்காது.

நான் உயர்த்தவில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று நான் நினைத்தேன். கதவைத் திறந்த பிரான்காச்சோப் பிள்ளை என் மண்டைக்குள் நின்றாள். வீட்டில் வைத்திருக்கிற எல்லாரும் அவளுடைய தாயைப்போலத்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். மாஸ்ரர் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்ளுகிறார், என் கை சுத்தம் என்று இருந்துவிட்டேன். என்ன மனிசி நான்!

இவ்வளவையும் எழுதிவிட்டு டிலானிக்குக் கொடுக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்தேன். அவளுக்கு மாஸ்ரரின் விசாரணையில் இருந்தது நான் என்று தெரியாது. போன சனிக்கிழமை அவளே தொலைபேசியில் வந்தாள்.

"அக்கா, ரோமிலை இருந்து பாராளுமன்ற எம்பி ஒருத்தர் வாறார். கோயில் மண்டபத்திலை இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்குக் கூட்டம். தாய் தேப்பன் சொல்லுறதை எழுதி எடுத்துக்கொண்டு போவாராம். நான் கதைக்கவேணும், எங்கடை ஆக்களுக்குத் தமிழிலை சொல்ல ஆள் இல்லை. கையெழுத்துத்தான் இல்லை, இதுக்காவது வாங்கோ."

"சட்டம் முழுக்க வேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன்."

"உங்களை ஆர் சொல்லச் சொன்னது? மற்றவை சொல்லுறதைச் சொல்லுங்கோ. அதுதானே உங்கடை வேலை" என்றாள். சுருக்கென்றது. ஆனாலும் போனேன்.

மண்டபத்தில் பாதி இத்தாலியத் தாய்மார், பிள்ளைகள் கதிரைக்குள்ளால் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் வலது பக்கமாக ஒரு கும்பலாக இருந்தார்கள். இரண்டாம் வரிசையில் மாஸ்ரரும் சுகந்தியும். மாஸ்ரரின் தலை முழுக்க நரைத்துவிட்டது.  திரும்பிப் போய்விடலாம் என்று பார்ப்பதற்குள் டிலானி என்னைத் தமிழ்ப் பக்கத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டாள்.

மேசையில் எம்பி, பக்கத்தில் எழுதுகிறவர் ஒருவர். தாய்மார் ஒவ்வொருவராக எழும்பிச் சொன்னார்கள். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நாலாவது ஆளாக டிலானி கூப்பிட்ட பெயர் துவாரகா.

இருபது வயது தாண்டிய பெண். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்க்கிற வேலை செய்கிறாளாம். அங்கே வாடிக்கையாளரோடு பேசத் தேவையில்லை. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதல் சொல் வர நேரம் எடுத்தது. எம்பி மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. இத்தாலியனில் ஒரு வசனம் சொல்லி, மூச்சு எடுத்து, அடுத்ததைச் சொன்னாள். நான் எங்கள் ஆட்களுக்கு அதை "நான்" என்றே சொல்லவேண்டியிருந்தது. நாற்பது வயதுக்கு மேல் பழகிய பழக்கம், வேறு மாதிரி வாய் வராது.

"எனக்கு அப்ப ஒன்பது வயசு" என்றேன். "என்ரை அப்பா அம்மாவைக் கூப்பிட்டு விசாரிச்சினம். அப்பா தமிழிலை சொன்னது எனக்கு விளங்கிச்சு. அங்கை எழுதினதும் எனக்கு விளங்கிச்சு. ரெண்டும் ஒண்டில்லை எண்டும் விளங்கிச்சு."

மாஸ்ரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த அறையிலை ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆக்கள் ரெண்டு பேர்தான். ஒண்டு நான். மற்றது மொழிபெயர்க்க வந்த அக்கா. என்ரை அப்பா ஒரு ரீச்சர் எண்டு நான் சொல்ல வெளிக்கிட்டனான். முதல் எழுத்திலையே நிண்டிட்டுது. அந்த அக்காவைப் பாத்தனான். அவவும் என்னைப் பாத்தவ. அவ சொல்லுவா எண்டு நினைச்சன். அவ அடுத்த கேள்வியைச் சொல்லத் தொடங்கியிட்டா."

 பார்த்தேனா? பார்த்தேன். திறந்தபடி நின்ற அந்தச் சின்ன வாயைப் பார்த்தேன். இத்தனை பக்கம் எழுதியும் அதை மட்டும் எழுதாமல்தான் லாச்சிக்குள் வைத்திருந்தேன்.

துவாரகா இன்னும் கொஞ்சம் சொன்னாள். கேள்வி கேட்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிள்ளையையும் கேளுங்கள், பதில் வர நேரம் எடுத்தால் பொறுத்திருங்கள், அந்தத் தாளில் ஒருவர் சொன்னதை மட்டும் எழுதிவிட்டு முடிக்காதீர்கள். அதையும் தமிழில் சொன்னேன்.  சுகந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா.

எழுதுகிறவர் தலை நிமிராமலே கேட்டார். "அந்த மீடியாத்திரிச்சே. பெயர் தெரியுமா? பதிவுக்கு."

துவாரகா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "பெயர் தேவையில்லை" என்றாள். அதை அவள் திக்காமல் சொன்னாள்.

நான் கையை உயர்த்தவில்லை, அனுமதியும் கேட்கவில்லை. "எனக்குத் தெரியும், எழுதுங்கள்" என்று இத்தாலியனில் சொல்லி, என் முழுப்பெயரைச் சொன்னேன். ஜெசிந்தா குரூஸ். எழுத்துக் கூட்டியும் சொன்னேன். அவர் எழுதினார். அவருக்கு அது வெறும் ஒரு வெளிநாட்டுப் பெயர்.

எங்கள் ஆட்கள் விளங்காமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டிலானி வாயைத் திறந்தபடி நின்றாள். மாஸ்ரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, அந்த ஐயா என்ன கேட்டார், நான் யாருடைய பெயரைச் சொன்னேன் என்று தமிழிலும் சொன்னேன்.